செங்கல் நிறம்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள்.

நோட்டீஸைப் படித்துப் பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு நன்றி. ‘இலவசக் கண் சிகிச்சை முகாம், 1991’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள். கீழே சங்கத் தலைவர் படம், முன்னாள் தலைவர் படம், அடுத்த வருஷம் தலைவராகப் போகிறவர் படம். டாக்டர் பெயரைத் தேடினேன். மூலையில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்கான நோட்டீஸ்தானே, பரவாயில்லை.

கடைசிப் பத்தியில் நான் வருகிறேன். ‘பார்வையிழந்த பால்ய நண்பரைத் தம் இல்லத்திலேயே வைத்து, கண்ணை இமை காப்பதுபோல் காத்துவரும் நட்பின் சிகரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. ஜான்ராஜ் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தல்.’ சிகரம் என்பதை எடுத்துவிடலாம். பரளச்சியில் சிகரம் ஏது? நாலு பக்கமும் கரிசலும் சீமைக் கருவேலமும்தான். மற்றபடி பொன்னாடை வேண்டாம் என்று சொல்கிற போலி அடக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் சில விவரங்கள் விட்டுப்போயிருக்கின்றன. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவன் நான். விட்டுப்போனதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். நீங்களும் சங்கத்துச் செயலாளர். செயலாளர் சௌந்தரபாண்டியன் பெயரில் நோட்டீஸ் போகிறபோது நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

இருளப்பசாமியும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கணக்குப் போட்டால் அறுபது வருஷம். ஐந்தாவதோடு அவனை அவன் அப்பா ஏர் பிடிக்க இழுத்துக்கொண்டு போனார். நான் படித்து வாத்தியாராகி இதே ஊருக்கு வந்தேன். ஊர் முழுக்க என்னை ‘சார்’ என்றது. என் வீட்டுக்காரி ராஜாத்திகூட மற்றவர்கள் முன்னால் ‘சார் வெளியே போயிருக்காக’ என்றுதான் சொல்லுவாள். இருளப்பசாமி மட்டும் ‘ஏலே ஜானு’. மாவட்டக் கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அன்றைக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, ‘ஏலே ஜானு, என்னலே புதுச் சட்டை?’ என்று கேட்டவன் அவன்.

1983-ல் எனக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். ஏற்புரை ஆற்றினேன். கல்விப் பணியின் மேன்மையைப் பற்றி நான் தயார் செய்து வந்ததில் பாதிகூட முடியவில்லை, பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. ‘ஏலே ஜானு, போதும்லே. இட்லி ஆறுது.’ கூட்டம் சிரித்தது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவனே வந்து, ‘மிச்சப் பேச்சை என்கிட்ட பேசுலே, கேட்கேன்’ என்று மரத்தடியில் உட்கார்ந்தான். பேசினேன். தூங்கிவிட்டான். தூங்கியதைச் சொல்லிக் காட்டினால், ‘நல்ல பேச்சுலே, அதான் தூக்கம் வந்துச்சு’ என்பான்.

85-ல் ராஜாத்தி இறந்து போனாள். மகள் ஜெப ஷீலா சென்னையில் இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் போடுவாள். ‘அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்’ என்று தொடங்கி, விஷயத்துக்கு வருவதற்குள் ‘இப்படிக்கு’ வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் எல்லோரும் எழுந்து இடம் விடுவார்கள். மரியாதையில் குறையே கிடையாது. ஆனால் மரியாதை கொடுக்கிறவர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை தம்பி. வாசலோடு போய்விடுவார்கள். அந்த ஒரு வருஷத்தில், நாளெல்லாம் நான் வாய் திறந்து பேசுவதே அவன் வருகிற சாயங்கால நேரத்தில்தான். அவன் வராத நாளில் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, ‘போதுமா?’ என்று அதனிடம் கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை அவசரப்பட்டுத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.

86 கோடையில் அவன் வந்து சொன்னான்.

‘ஜானு, நான் தூத்துக்குடிக்குப் போறேன்லே.’

‘எத்தனை நாளைக்கு?’

‘பொட்டியக் கட்டிட்டுப் போறவன்ட்ட எத்தனை நாளுங்கியே. போறேன்னா போறதுதான். மூணு வருசமா மழை ஏமாத்திருச்சு. கம்பும் போச்சு, மல்லியும் போச்சு. இங்க உக்காந்து உன் மூஞ்சியப் பாக்கதுக்கு அங்க போயி பேரன் மூஞ்சியப் பாக்கலாம்.’

அவனுடைய ஒரே மகள், தாயில்லாத பெண், முனீஸ்வரியைத் தூத்துக்குடியில் கொடுத்திருந்தது. மருமகனுக்குக் கரிக்கடை. நம் பக்கத்துக் கரிமூட்டை லோடு லோடாக அங்கேதான் போகிறது. தராசுக்குப் பக்கத்தில் நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டும், மாமா வந்தால் நல்லது என்று மருமகனே சொல்லிவிட்டிருந்தார்.

அவனுக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றல், வலதில் அரைகுறை. ‘கண்ணு தெரியாம அங்க போயி என்ன செய்வே?’ என்றேன்.

‘அதுக்குத்தான் பந்தல்குடில கண்ணாஸ்பத்திரிக்காரங்க வாராங்கள்ல, ஆவணில. ஆப்பரேசன் முடிஞ்ச கையோட பஸ்ஸு ஏறிருவேன். கண்ணு தெரிஞ்சா தராசுகிட்ட நிப்பேன். தெரியாட்டி மூலையில உக்காரணும். மூலையில உக்காந்து திங்க மக வீட்டுக்குப் போகமாட்டேன்லே, அது ஆகாது.’

அவர்கள் பக்கம் அது ஒரு கட்டு. பெண் கொடுத்த வீட்டில் ஒரு வாரம் விருந்து சாப்பிடலாம். கைகால் விழுந்து போய்க் கிடக்கக் கூடாது. கிடந்தால் பெண்ணுக்குத் தலைகுனிவு. அவன் எதையும் விளையாட்டாகப் பேசுகிறவன், இதில் மட்டும் விளையாட்டு கிடையாது. அந்த வார்த்தையை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

முகாமுக்கு நீங்கள் அப்போது வரவில்லை, புதிதாகச் சேர்ந்தவர். பந்தல்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்குத் தொண்டர் வேலை கொடுத்து சட்டையில் ரோஸ் கலர் பட்டை ஒன்றைக் குத்திவிட்டார்கள். வரிசையில் நின்ற இருளப்பசாமி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து தடவிப் பார்த்து, ‘என்னலே இது, கண்காட்சிக்குக் கொண்டு வந்த மாட்டுக்குக் குத்துத மாதிரி?’ என்றான். பக்கத்தில் நின்ற கிழவிகளெல்லாம் சிரித்தார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது. தலைவர் கண்ணொளியைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முன்னூறு பேர் வெயிலில் நின்று அந்த ஒளியை அனுபவித்தார்கள்.

என் வேலை, மூத்திரப் பரிசோதனை மேசை. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் புண் ஆறாது, சீழ் வைத்துவிடும். அதனால் முதலில் அதைப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில். அது வந்ததும் நான் நம்பர் எழுதிய சீட்டைக் கோந்து தடவி ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். இருளப்பசாமிக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு அடுத்து நாற்பத்திரண்டு, அருஞ்சுனை என்று ஒரு அம்மாள், மிளகாய்க் காட்டில் கூலி வேலை. பாட்டிலைக் கொடுக்கும்போது வெகுளியாகச் சொன்னாள். ‘சார், நான் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கி. கால்ல ஒரு புண்ணு தையிலருந்து ஆறவே இல்ல. அது என்னன்னும் டாக்டரம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க.’

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கை தானாகச் செய்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். அது உண்மையல்ல. கோந்து இன்னும் காயவில்லை. இரண்டு சீட்டையும் உரித்தேன், மாற்றி ஒட்டினேன், நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன். வேலையில் அவசரப்படுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இருளப்பசாமியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை ஏகமாக இருக்கிறது, குறைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று. அருஞ்சுனைக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கண்ணில் சீழ் பிடித்து, மதுரைக்குக் கொண்டுபோய்க் கண்ணையே எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாசியில் இறந்து போனாள். கண்ணால் இறக்கவில்லை, காலால் இறந்தாள் என்று அவள் மகன் சொன்னான். நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த வீட்டுக்கு வந்த மாலை அது ஒன்றுதான். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரு நாள் பாத்த பழக்கத்துக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே சார்’ என்று அழுதான்.

எழுந்திருக்காதீர்கள் தம்பி. விவரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த வருஷ முகாமுக்குள் சர்க்கரையைக் குறைத்தாக வேண்டும் என்று இருளப்பசாமி உறுதியாக இருந்தான். அருப்புக்கோட்டைக்குப் போய் நான் நீல மருந்து வாங்கி வந்தேன். பழைய மாணவன் ஒருவன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தான், அவனிடம் டெஸ்ட் டியூபும் ஸ்பிரிட் விளக்கும் வாங்கிக்கொண்டேன். மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, ரொம்ப இருந்தால் செங்கல் நிறமாகிவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை தவறியதே கிடையாது.

‘என்னலே கலரு?’

‘செங்கல்.’

‘போன வாரமும் செங்கல், அதுக்கு முந்தின வாரமும் செங்கல். பேசாம சூளை வச்சு வீடு கட்டிரலாம்லே.’

‘வாயைக் கட்டணும். அரிசியை விடு.’

‘விட்டுட்டேன்.’

‘கருப்பட்டிக் காப்பி?’

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான். பிறகு, ‘அதையும் விட்டுருதேன்’ என்பான். விட்டான். ஐம்பது வருஷமாகக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று குடித்தவன். அவன் விட்ட பிறகு நானும் அவன் முன்னால் குடிப்பதில்லை. சமையல்கட்டுக்குள் நின்று குடித்துவிடுவேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாது.

மருந்து நீலமாகவேதான் இருந்தது. எல்லாச் சனிக்கிழமையும். கொதித்து அடங்கின பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், புரட்டாசி வானம் மாதிரி அவ்வளவு சுத்தமான நீலம். சும்மா வாயால் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எதையும் முறைப்படி செய்து பழகிவிட்டேன்.

87 முகாமுக்கு அவன் போகவில்லை. போய்த் திரும்பி வருவது கேவலம் என்று அவனே சொல்லிவிட்டான். மகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ‘கண்ணு தெளிஞ்சதும் வாரேன், தாயி’ என்று சொன்னான். நான் ‘இங்கேயே எனக்கு எல்லா வசதியும் இருக்கிறது, என்னைக் கூப்பிட்டுக் கஷ்டப்படுத்தாதே’ என்று எழுதினேன். பொதுவாகச் சொன்னால் இரண்டும் ஒரே கருத்துத்தான்.

அந்த இரண்டு வருஷமும்தான், தம்பி, என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள். கண் மங்க மங்க அவன் வெளியே போவது குறைந்தது. காலையிலேயே இங்கே வந்துவிடுவான். நான் பேப்பர் வாசிப்பேன். ஒவ்வொரு அமைச்சர் பேச்சுக்கும் ஒரு கிண்டல் சொல்லுவான். அறிவுரை சொல்கிற தலையங்கம் வந்தால், ‘ஏலே, இத எழுதுனது நீதான?’ என்பான். நானும் சிரிப்பேன். ராஜாத்தி போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

88 தை மாதம் இடது கண்ணில் வலி வந்தது. தலை பிளக்கிறது என்றான், வாந்தி எடுத்தான். தலைவலி மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் போய், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாடிப்போன முகத்தோடு சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி. அவனுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

‘புரை முத்தி உள்ளே அழுத்தம் ஏறிருச்சு. இந்தக் கண்ணு போயிருச்சுங்க. ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல?’

‘சர்க்கரைங்க.’

‘யாரு சொன்னா? ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு. துளி சர்க்கரை கெடையாது. அடுத்த கண்ணும் இப்படித்தான் போகும். அடுத்த திங்கக்கிழமையே கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிரலாம், நல்லாத் தெரியும். நீங்க அவருக்கு யாரு?’

‘அண்ணன் தம்பி மாதிரி’ என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஒரு கண்ணில் கட்டோடு அவன் என் தோளில் சாய்ந்திருந்தான். ‘டாக்டரம்மா என்னலே சொன்னாக?’ என்று கேட்டான். வழி முழுக்க யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல பார்வை வரும் என்றாள் அந்த அம்மாள். பார்வை வந்தால் தூத்துக்குடி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சொன்னேன்.

‘சர்க்கரைதான் இந்தக் கண்ணைத் தின்னுருச்சாம். அடுத்த கண்ணை இப்பத் தொட்டா அதுவும் போயிருமாம்.’

‘அப்படியா சொன்னாக?’

‘அப்படித்தான்.’

‘சரி’ என்றான். ‘நல்லவேளை நீ கூட வந்தே. நான் தனியாப் போயிருந்தா அறுத்து விட்டிருப்பாங்க.’

வலது கண் அதே வருஷம் கார்த்திகையில் போனது. அதே வலி. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போவதில் அர்த்தமில்லை என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். உள் அறைக் கட்டிலில்தான் படுத்திருந்தான். பகல் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நகம் பதிந்து ரத்தம் வந்தது, நானும் இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் இவ்வளவு வேண்டியிருக்கிறான் என்பதை நான் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை.

முனீஸ்வரி வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ‘வாங்கப்பா, நான் பாக்கேன், அவுகளும் கூட்டியாரச் சொல்லித்தான் அனுப்புனாக’ என்று மன்றாடினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ‘மூலையில உக்கார வரமாட்டேன் தாயி. நீ போ.’ போகும்போது அந்தப் பெண் என் காலில் விழுந்தாள். ‘சார், நீங்க மனுசரே இல்ல சார்’ என்றாள். தெய்வம் என்ற அர்த்தத்தில் சொன்னாள்.

இதுவரை நீங்கள் நோட்டீஸில் போட்டிருப்பதற்கும் நடந்ததற்கும் பெரிய முரண் இல்லை. இல்லத்தில் வைத்துக் காத்துவருவது உண்மை. குளிக்க வைக்கிறேன், வேட்டி மாற்றுகிறேன், கஞ்சி ஊற்றுகிறேன். சனிக்கிழமைச் சோதனையைக்கூட நான் நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் அவனுக்கு ஏன் என்று தோன்றும்.

ஆனால் ஒரு சங்கடம் வந்தது. 89 ஈஸ்டர் கழிந்த வாரம் என்று நினைக்கிறேன். காலையில் பேப்பரைப் பிரித்து ஒரு மந்திரியின் பேச்சை வாசித்துவிட்டு நிறுத்தினேன். அவன் கிண்டலுக்காகக் காத்திருந்தேன். ‘நல்லாத்தான் பேசியிருக்காக, சார்’ என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். ‘என்னலே சாரு?’ என்றேன். ‘இல்ல சார், மேல வாசிங்க’ என்றான்.

அன்றிலிருந்து சார்தான். வாங்க, போங்க, ஊத்துங்க. கஞ்சியில் உப்பு அதிகமாகப் போய்விட்டால், ‘நல்லாயிருக்கு சார்.’ வேண்டுமென்றே ஒரு நாள் உப்பே போடாமல் கொடுத்தேன். அதுவும் நல்லாயிருந்தது. ஒரு நாள் என் பழைய ஏற்புரையை எடுத்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். முக்கால் மணி நேரம். தூங்கக்கூட இல்லை. முதுகை நேராக வைத்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, ‘அருமை சார்’ என்றான். அன்றைக்கு நான் பின்கட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன், உங்களிடம் சொல்வதற்கென்ன.

அடுத்தவன் சோறு சாப்பிடுகிற கூச்சம், நன்றி விசுவாசம், அதனால்தான் மரியாதை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீங்கள் வந்து பொன்னாடை விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனீர்கள் அல்லவா? நீங்கள் போனதும் எனக்குத் தோன்றியது, முதலில் சொல்ல வேண்டியது அவனிடம்தான் என்று. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாட்டிலிலிருந்து தொடங்கி, அருஞ்சுனை, நீல மருந்து, டாக்டரம்மா, முனீஸ்வரிக்கு எழுதிய கடிதங்கள், ஒன்று விடாமல் சொன்னேன். அவன் எழுந்து என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தேன். குரல்வளையைப் பிடிக்க வசதியாகக் கிட்டத்தான் உட்கார்ந்திருந்தேன்.

‘தெரியும் சார்’ என்றான்.

‘எப்படி?’

‘கண்ணு ரெண்டும் போன பெறகும் வாராவாரம் செங்கல் செங்கல்னீக. அரிசி இல்ல, காப்பி இல்ல, பெறகு எங்கிருந்து வருதுன்னு ஒரு ரோசன. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு சனிக்கெழம மூத்திரத்துக்குப் பதிலா பானைத் தண்ணிய ஊத்திக் குடுத்தேன். அன்னைக்கும் செங்கல்னு சொன்னீக.’

தண்ணீர். எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நான் பாட்டிலைப் பார்ப்பதையே நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

‘ஏன் யார்ட்டயும் சொல்லல?’ என்று கேட்டேன்.

‘சொல்லி? கண்ணு வந்துருமா சார்? முனீஸ்வரி கேட்டா நெஞ்சு வெடிச்சிருவா. உங்களப் போலீஸு கூட்டிட்டுப் போயிட்டா எனக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?’

நான் அவன் காலைப் பிடித்தேன். பிடிக்கவில்லை என்று சொல்லி உங்களிடம் கௌரவம் காக்கப்போவதில்லை. ‘திட்டுலே. கொலைகாரப் பாவின்னு சொல்லு. காறித் துப்பு. ஒரே ஒரு தடவை ஏலேன்னு கூப்பிடு, போதும். நாளைக்கே உன்னை எங்க விடச் சொல்லுதியோ அங்க கொண்டுபோய் விட்டுருதேன்’ என்றேன். அவன் காலை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

‘அதெல்லாம் கண்ணு தெரிஞ்சவன் பேசுத பேச்சு சார். எந்திரிங்க. இருமுதீக, தரை ஈரமா இருக்கும்.’

இவ்வளவுதான் விவரம். அவன் கோபப்பட்டிருந்தால் விஷயம் எங்களுக்குள் முடிந்திருக்கும், உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. உள்ளேதான் இருக்கிறான், கேட்டுக்கொண்டுதான் இருப்பான். வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லமாட்டான். நீங்கள் போலீஸுக்குப் போவதானாலும் போகலாம். வயதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். முகாமில் பொன்னாடையோடு நிற்பதானாலும் சரி, மேடையில் சுருக்கமாகப் பேசிக்கொள்கிறேன்.

இரண்டில் எதுவானாலும் ஒன்றை மட்டும் நோட்டீஸில் சேர்த்துவிடுங்கள். நான் செய்தது அத்தனையும் தெரிந்த பிறகும் இரண்டு வருஷமாக என்னை விட்டு அவன் எங்கேயும் போகவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும் தம்பி, அப்பேர்ப்பட்ட சிநேகிதம்?